கிழியாத இடத்தில் ஒட்டு

களிமண்குண்டு விலக்கில் பஸ் இறக்கிவிட்டபோது
பையில் அறுபத்து நான்கு கேள்விகள் இருந்தன.

முன்பு ஐஸ் கம்பெனியாக இருந்த கட்டடம்.
சுவரில் புதுப் பெயிண்ட்: ரங்கூன் பெட்டி, 1962 முதல்.
பதிவுச் சான்றிதழில் வயது நான்கு.
"அந்த வருசம் என்ன நடந்தது?" என்றேன்.
மேலாளர் சீனி இபுறாகிம் கூச்சத்தோடு சிரித்தார்.
"ஒண்ணும் நடக்கல மேடம்.
அந்த எழுத்துக்கு அந்த நம்பர்தான் நல்லா உட்கார்ந்துச்சு."

தீயணைப்பான் இருந்தது.
கழிப்பறை இரண்டு, தாழ்ப்பாளோடு.
பதினெட்டுக்குக் கீழே ஒருவரும் இல்லை.
சம்பளம் ஏழாம் தேதி, வங்கியில், பிசகாமல்.
நான் குற்றம் தேடி வந்தவள்.
பேனா சரி, சரி என்றே போனதில்
லேசாக எரிச்சல்கூட வந்தது.

உள்ளே சட்டைகளுக்கு வயதேற்றிக்கொண்டிருந்தார்கள்.
திருப்பூரிலிருந்து நேற்று வந்தவை.
காலரில் உப்புத்தாள், பை விளிம்பில் நுரைக்கல்,
தேயிலைச் சாயத்தில் ஒரு முக்கு,
மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள்.
வியாழக்கிழமை வந்தால் ஐம்பது வயது.

நம்புவள்ளி பிளேடால் முழங்கையில் ஓட்டை போடுகிறாள்.
பிறகு அதை நீல நூலால் தைத்து மூடுகிறாள்.
ஓட்டைக்கு மூன்று ரூபாய், ஒட்டுக்கு ஒன்பது.
"கிழியவே இல்லையே, எதுக்கு ஒட்டு?" என்று
அவள் என்னைக் கேட்டாள்.
கேட்க வேண்டியவள் நான்.
"எங்க வீட்டுச் சட்டை முழங்கையிலயா கிழியும்?
கயிறு ஓடுற தோள்லதான் கிழியும்.
மேசையில கைய ஊன்டியே
காலம் ஓட்டுன ஆளு போல, இவரு."

முப்பத்தேழு: தண்ணீர் எங்கிருந்து?
லாரியில்.
ஒரு சட்டைக்கு எவ்வளவு?
சீனி இபுறாகிம் செல்போனில் பெருக்கி வகுத்தார். நாற்பத்தைந்து லிட்டர்.
வாசலில் தள்ளுவண்டிக் குடங்கள் நின்றன,
குடம் பன்னிரண்டு ரூபாய்.
நம்புவள்ளி வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று குடம்.
அதாவது ஒரு சட்டை.
'நீர்ப் பயன்பாடு அளக்கப்படுகிறதா?' என்று மட்டுமே
படிவம் கேட்டது. ஆம்.

கழுவிய நீருக்குத் தொட்டி, வடிகட்டி, சான்று.
அதற்கும் அப்பால் உடைமரங்களுக்கு நடுவே
தேயிலை நிறத்தில் ஒரு மணல் கோடு.
"தேயிலைதான் மேடம், குடிக்கவே செய்யலாம்."
யாரும் குடிக்கவில்லை.

கழிவுத் துணி?
தள்ளிய சட்டைகளை நம்புவள்ளி கேட்டு வாங்கிப் போகிறாள்.
ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து
மதினி சேதுராக்குக்கும் அவள் கூட்டாளிகளுக்கும்.
கடலுக்கடியில் பாறை இடுக்கில் கைவிட்டுப்
பாசி பறிக்கிறவர்கள்
பத்து விரலிலும் துணி சுற்றிக்கொள்வார்கள்.
நேற்று ஐம்பது வயதான சட்டையைப்
பாறை நாலே நாளில் நூலாக்கிவிடும்,
மூன்று ரூபாய் கேட்காமல்.
இதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
மிகவும் சின்னது.

"நீங்க இப்போ போறதில்லையா?"
"பன்னெண்டு வருசம் போனேன்.
தீவுப் பக்கம் போனா வனத்துறை,
போகாட்டி கடன்காரன்.
இங்க ஃபேன் இருக்குல்ல."
கையை விரித்துக் காட்டினாள்.
நகங்கள் வளர்ந்திருந்தன.
சுண்டுவிரலில் மருதாணி.

ஐம்பத்தொன்பது: விளம்பர வாசகம் மெய்யானதா?
சீட்டில் அச்சிட்டிருக்கிறது:
ஒவ்வொரு தையலிலும் யாரோ வாழ்ந்த வாழ்க்கை.
ஆம் என்று எழுதினால் பொய்.
இல்லை என்று எழுதினால்
அந்த ஒன்பது ரூபாய்த் தையலைப் போட்டது யார்?
காலியாக விட்டேன்.

கிளம்பும்போது ஒரு சட்டையை மடித்து நீட்டினார்கள்.
அன்பளிப்பு வாங்குவது விதிப்படி தவறு.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

திருப்புல்லாணி தாண்டியதும்
ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தபோது
உடம்பைத் திருப்பி என் சுடிதாரைப் பார்த்தேன்.
வலது முழங்கையில் துணி மெலிந்து
இழை இழையாகத் தோல் தெரிந்தது.
பதினோரு வருடமாக
மேசையில் ஊன்றும் இடம்.